சான்றுப் பொருள் 4: பாதியில் நிறுத்திய ஒரு குற்ற ஆவணப்படம்

சென்னையில் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய ஆவணப்படக் குழுவில் நான் படத்தொகுப்பாளர். 2024இல் நாங்கள் எடுத்த ஒரு குற்றத் தொடரின் முதல் பாகத்தை, அது வெளியான ஒன்பதாம் நாள் நாங்களே இறக்கினோம். இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நடந்ததை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்துக்குப் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பகுதி, ஆண்டு, சில உறவுமுறைகள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

1990களின் பிற்பாதியில் வட சென்னையில் ஒரு வாடகை வீட்டில் பட்டப்பகலில் ஒரு பெண் கொல்லப்பட்டார். நகையும் சில பாத்திரங்களும் காணாமல் போயிருந்தன. பக்கத்து போர்ஷனில் குடியிருந்த ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. செஷன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சில ஆண்டுகள் கழித்து, சந்தேகத்தின் பலனை அளித்து உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வழக்கு அதற்கு மேலே போகவில்லை. வேறு யாரும் கைதாகவும் இல்லை.

எங்கள் இயக்குநர் பழைய தீர்ப்புகளை விரும்பிப் படிப்பவர். உயர் நீதிமன்றத் தீர்ப்பு இணையத்திலேயே கிடைத்தது. செஷன்ஸ் தீர்ப்புக்கு நகல் மனுப் போட்டு, பாரிமுனைக்கு நடையாய் நடந்து வாங்கினோம். அந்தக் காகிதங்களில் மனிதர்களுக்கு எண்தான் பெயர். கணவர் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. இறந்தவரின் தங்கை அ.சா.2. பொருட்களுக்கும் அப்படித்தான். சா.பொ.4, அதாவது சான்றுப் பொருள் 4, ஒரு எவர்சில்வர் சொம்பு. கல்யாணச் சீராக வந்தது, இரண்டு எழுத்தும் ஒரு தேதியும் வெட்டப்பட்டது என்று மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் குறிப்பில், இருந்தது. கைதானவர் போலீஸிடம் சொன்ன தகவலின் பேரில் அதை அவர் இடத்திலிருந்து எடுத்ததாகப் போலீஸ் சொன்னது. கைப்பற்றியதற்குக் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும் கூண்டில் ஏறிப் பிறழ்ந்துவிட்டார்கள், அதாவது அரசுத் தரப்புக்கு எதிராக மாற்றிச் சொல்லிவிட்டார்கள். உயர் நீதிமன்றம் அந்தக் கைப்பற்றலையே நம்பவில்லை. விடுதலைக்கு முக்கியக் காரணம் அதுதான்.

நான்கு பாகங்களாக எடுப்பது என்று முடிவானது.

ஏன் பார்க்கிறார்கள்

குற்றக் கதை பார்ப்பவர்களை மட்டமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஊருக்கு அந்த ஆவல் புதிதும் இல்லை. 1952இல் நடந்த ஆளவந்தார் கொலையில், தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் போட் மெயில் ரயில் ஏறி மானாமதுரை வரை போனதையும், தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்ததையும் சென்னைப் பெரியவர்கள் நேற்று நடந்தது மாதிரி சொல்வார்கள். அதற்கும் முன்பே, ஒரு கொலை நடந்தால் அதைப் பாட்டாகக் கட்டி, மலிவு விலையில் சின்னப் புத்தகமாக அச்சடித்து, குஜிலிக் கடைத் தெருவில் விற்றார்கள். கொலைச் சிந்து என்று பெயர். சந்தையில் பாடிக் காட்டியே விற்பார்கள்.

எங்களுக்கு எழுதுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். பகலில் தனியாக இருக்கும் ஒருவர், எங்கள் பழைய படம் ஒன்றைப் பார்த்த பிறகு பின்கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டதாக எழுதியிருந்தார். பயத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ளவும், அதிலிருந்து எதையாவது கற்றுக்கொள்ளவும் முடிகிறது. அது நியாயமான தேவை.

ஆனால் என் அம்மா இந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஒன்று கேட்பார்: “அந்தப் பொண்ணு ஏன் கதவைத் திறந்தா?” செத்தவர் செய்த தவறு ஒன்று கிடைத்துவிட்டால், அதை நாம் செய்யாமல் இருந்தால் போதும் என்று மனது சமாதானம் ஆகிறது. பார்ப்பவர்கள் அதைத் தேடுகிறார்கள் என்பது எடிட்டிங் மேஜையில் உட்காரும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் ஷாட்டை இரண்டு விநாடி கூடுதலாக நிறுத்துகிறோம்.

வெளியீட்டுக்கு முன் எடுத்த முடிவுகள்

முதலில் வழக்கறிஞரிடம் போனோம். அவர் 1994ஆம் ஆண்டு ராஜகோபால் வழக்கைச் சொன்னார். திருவான்மியூர் கொலைகளில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ஒரு தமிழ் வார இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கு அது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிட யாருடைய சம்மதமும் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. பாலியல் குற்றத்துக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை மட்டும் விதிவிலக்காக வைத்தது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது தண்டனைக்குரிய குற்றமும்கூட. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு. இறந்துபோனவராக இருந்தாலும் பெயரை வெளியிடக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எங்கள் வழக்கு நகைக்காக நடந்த கொலை. “உங்களுக்கு இந்த விதிவிலக்கு எதுவும் பொருந்தாது. நிஜப் பெயரே சொல்லலாம்” என்றார் வழக்கறிஞர். யூடியூபில் போடுவதால் தணிக்கைச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

நாங்கள் பெயரை மாற்றினோம். இறந்தவரின் புகைப்படத்தைப் பயன்படுத்தவில்லை. சட்டம் கேட்டதைவிட ஒரு படி மேலே போய்விட்டோம் என்று திருப்தியாக இருந்தது.

குடும்பத்தைத் தேடிப் போகலாமா என்று ஒரு நாள் பேசினோம். ஆறின புண்ணைக் கிளற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் மூன்று மாத உழைப்பு என்ன ஆவது என்ற பயம். அதை அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்தது சொம்பு. கொலைக் காட்சியை நடிகர்களை வைத்து எடுத்தோம். கலைப் பொறுப்பில் இருந்தவர் மிகவும் சிரத்தையானவர். இப்போது பாத்திரக் கடையில் பேர் வெட்டுவது மிஷினில். எழுத்து வழுவழுவென்று ஓடும். அந்தக் காலத்தில் உளியால் தட்டித் தட்டி வெட்டுவார்கள். எழுத்து புள்ளி புள்ளியாக இருக்கும். அப்படி வெட்டத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து, மகஜரில் இருந்த அதே இரண்டு எழுத்தையும் அதே தேதியையும் வெட்டி வாங்கி வந்தார். வசனத்தில் பெயரை மாற்றிய நாங்கள், பாத்திரத்தில் நிஜ எழுத்துகளை விட்டுவிட்டோம். யாருக்கும் உறைக்கவில்லை. தரையில் உருளும் அந்தச் சொம்பின் எழுத்து மேல் கேமரா நின்றது. நான் அந்த ஷாட்டை நான்கு விநாடி வைத்தேன். அடுத்த ஷாட்டில் பக்கத்து போர்ஷன்காரராக நடித்தவர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துப் போகிறார்.

வெளியான பிறகு

ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு முதல் பாகம் வெளியானது. நாங்கள் அதுவரை போட்ட எதையும்விட வேகமாகப் பரவியது. எந்த இடத்தை மக்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்பதை யூடியூப் ஒரு கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோடு மற்ற இடங்களில் சமமாக ஓடி, கதவு தட்டும் இடத்தில் ஏறத் தொடங்கி, சொம்பு உருளும் இடத்தில் உச்சிக்குப் போய் நின்றது. நான் அதைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பினேன். எல்லாரும் வாழ்த்தினார்கள்.

மூன்றாம் நாள் ஒருவர் தெருவின் பெயரைப் பின்னூட்டத்தில் எழுதினார். ட்ரோன் காட்சியில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியையும் மாதா கோயில் கோபுரத்தையும் வைத்துக் கண்டுபிடித்திருந்தார். அழித்தோம். இன்னொருவர் எழுதினார். அதையும் அழித்தோம்.

ஆறாம் நாள் மாலை அலுவலக எண்ணுக்கு ஒரு அழைப்பு. நான்தான் எடுத்தேன். “தம்பி, நீங்க படிச்ச தீர்ப்புல ரெண்டாவது சாட்சி இருக்குல்ல, அது நான்தான்” என்றார் ஒரு பெண். கோபமே இல்லாத குரல். “அந்தச் சொம்பு உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? கேஸ் முடிஞ்சதும் கோர்ட்டுல இருந்து வாங்கிட்டு வந்துட்டோமே. இப்பகூட எங்க வீட்டு சாமி அலமாரியிலதான் இருக்கு. ஒரு நிமிஷம் பதறிப்போய் எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்தேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. நேரில் வந்து பேசலாமா என்று மட்டும் கேட்டேன்.

சந்திப்பு

மறுநாள் இயக்குநரும் நானும் போனோம். அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. காபி கொடுத்தார். பிறகு சொம்பை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். எங்களுடையதைவிடச் சின்னது. விளிம்பில் ஒரு நசுங்கல். எழுத்து நாங்கள் வெட்டியதுபோலவே புள்ளி புள்ளியாக இருந்தது.

இறந்தவருக்கு ஒரு மகள். சம்பவத்தின்போது கைக்குழந்தை; இந்தச் சித்தி வளர்த்து, படித்து, இப்போது வேலைக்குப் போகிறார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில், அம்மா உடம்பு சரியில்லாமல் இறந்ததாகத்தான் சொல்லியிருந்தார்கள். “பொய்தான். ஆனா கொலைன்னு சொன்னா அடுத்த கேள்வி என்னவா இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அவ எப்படிப்பட்டவ, யாரு வந்து போனான்னு ஆரம்பிப்பாங்க. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்க வீடு மாறினோம்.” மாப்பிள்ளையின் அக்கா எங்கள் வீடியோவைப் பார்த்திருக்கிறார். பெண்ணின் பூர்வீகத் தெரு அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

இயக்குநர் மெதுவாக, குற்றவாளி தப்பித்ததைச் சொல்லத்தான் எடுத்தோம் என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். “அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது தம்பி. கோர்ட்டுல இருபது நாள் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியலை. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

திரும்பி வரும்போது ரயிலில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அந்தத் துண்டில் சுற்றும் ஷாட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உயர் நீதிமன்றம் நம்ப மறுத்த ஒன்றை, கண்ணால் பார்த்தது மாதிரி நாங்கள் நடித்துக் காட்டியிருந்தோம். முகப்புப் படத்தில் ‘தப்பித்த கொலையாளி’ என்று எழுதியிருந்தோம். அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார் என்றுகூட நாங்கள் விசாரித்திருக்கவில்லை.

விடுதலை ஆனபிறகும் பழி போவதில்லை என்பதற்கு இந்த ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1944இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதர் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்து 1947இல் விடுதலையானார். பழைய மவுசு திரும்பவே இல்லை. அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கே அந்தக் கதி என்றால், போர்ஷன் வீட்டில் குடியிருந்த ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும்?

முடிவு

இரண்டு நாள் விவாதம் நடந்தது. இப்போது இறக்கினால் ஆவல் கூடும், நகல்கள் கிளம்பும் என்றார் இயக்குநர். அது பின்னால் உண்மையானது. இறக்கவேண்டிய சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை என்றார் வழக்கறிஞர். குழுவின் இளையவர், முன்பு செய்தித்தாளில் வேலை பார்த்தவர், வேறொன்றைக் கேட்டார்: குடும்பம் கேட்டால் இறக்குவது என்று ஆரம்பித்தால், நாளைக்குக் குற்றம் செய்தவரின் குடும்பம் கேட்டாலும் இறக்குவீர்களா? லாக்கப் மரணம் பற்றி எடுக்கும்போது போலீஸ்காரரின் குடும்பம் கேட்டால்? நல்ல கேள்வி. அதற்கு முழுப் பதில் எங்களிடம் அன்று இல்லை. இந்த வழக்கில் மட்டும் ஒன்று தெளிவாக இருந்தது. நாங்கள் காட்டியதில் பொதுமக்களுக்குத் தெரியவேண்டியது விசாரணையில் நடந்த கோளாறு. அந்தப் பெண் செத்த விதம் அல்ல. முதல் பாகம் முழுக்க இருந்தது இரண்டாவதுதான்.

ஒன்பதாம் நாள் இறக்கினோம். அடுத்த மூன்று பாகங்களை நிறுத்தினோம். விளம்பரம் கொடுத்தவருக்கு முன்பணத்தில் பாதியைத் திருப்பினோம்.

இறக்கிய மறுநாள் இன்னொரு அழைப்பு. இறந்தவரின் அண்ணன். அவர் வேறு ஊரில் இருக்கிறார். “இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தராவது என் தங்கச்சியைப் பத்திப் பேசினீங்களேன்னு இருந்தேன். ஏன்ப்பா எடுத்துட்டீங்க?” என்று அழுதார். குடும்பத்தின் சம்மதம் என்று நாங்கள் ஒரே சொல்லாகப் பேசிக்கொண்டிருந்தது அந்த ஒரு அழைப்பில் உடைந்துபோனது. ஒரே வீட்டில் ஒருவருக்கு மறக்கவேண்டும், இன்னொருவருக்குப் பேசவேண்டும். யாருக்கு முதலிடம்? அதிகம் இழக்கப்போகிறவருக்கு என்று முடிவு செய்தோம். அது அந்த மகள். அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த அண்ணனுக்கு நாங்கள் செய்தது இரண்டாவது அநியாயம் என்பதும் எனக்குத் தெரியும்.

பின்விளைவு

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் வேறு காரணம் சொன்னார்களாம். எங்களால்தானா என்று சித்தியிடம் கேட்டேன். “அதை யோசிச்சு என்னப்பா ஆகப்போகுது” என்றார்.

எங்கள் காட்சிகளை வெட்டி வேறு பலர் போட்டார்கள். காப்புரிமைப் புகார் கொடுத்து யூடியூபில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றை நீக்க முடிந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றுவதை எதுவும் செய்ய முடியவில்லை.

விடுதலையானவரை அவருடைய பழைய வக்கீல் மூலம் தேடினோம். அவர் எங்களைச் சந்திக்க விரும்பவில்லை. பெயர் எங்கேயும் வராது, ‘கொலையாளி’ என்ற சொல்லுக்கு வருந்துகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். அதே சமயத்தில்தான், விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கேட்கலாமா என்பது நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று அப்படிக் கேட்டவருக்குச் சாதகமாகச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. சட்டம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஏழு மாதம் கழித்து, நான்கு பாகத்துக்குப் பதில் ஐம்பது நிமிடத்தில் ஒரே படமாக வெளியிட்டோம். மகள் சம்மதித்த பிறகுதான். தெரு, வீடு, சொம்பு, தன்னைப் பற்றிய பேச்சு எதுவும் வரக்கூடாது என்று எழுதிக் கேட்டிருந்தார். நடிப்புக் காட்சி ஒன்றுகூட இல்லை. கைப்பற்றல் மகஜர் எப்படித் தயாரானது, சாட்சிகள் ஏன் பிறழ்ந்தார்கள், மேல்முறையீட்டில் என்ன நடந்தது, அவ்வளவுதான். அண்ணன், முகம் தெரியாமல், கடைசிப் பத்து நிமிடம் தங்கையைப் பற்றிப் பேசுகிறார். அவர் எப்படிச் செத்தார் என்று இல்லை. தையல் மிஷின் வாங்க இரண்டு வருடம் சீட்டுக் கட்டியதைப் பற்றி. பார்த்தவர்கள் முதல் பாகத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பாதியில் போனவர்களும் நிறைய.

என்ன மாற்றியிருக்கிறோம்

வேலையின் வரிசையை மாற்றினோம். முன்பு ஆவணம், பிறகு வழக்கறிஞர், பிறகு படப்பிடிப்பு. இப்போது தீர்ப்பைப் படித்தவுடன், ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பு, அ.சா. எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைத் தேடிப் போகிறோம். செலவு செய்தபின் கேட்டால், வேண்டாம் என்ற பதிலைக் கேட்கும் காது நமக்கு இருக்காது. எங்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது.

கேட்பதும் ஒரு முறையோடு முடிவதில்லை. எடுக்கும் முன்பு, தொகுத்த பின்பு, வெளியிடும் வாரத்தில் என்று மூன்று முறை கேட்கிறோம். வீட்டில் கல்யாணம், பரீட்சை, திவசம் ஏதாவது இருக்கிறதா என்றும் விசாரித்துத் தேதி குறிக்கிறோம். தொகுத்ததைக் குடும்பத்துக்குக் காட்டுகிறோம். எங்கள் முடிவுகளை மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. அடையாளத்தையும் தாங்கமுடியாத காட்சியையும் நீக்கச் சொல்லும் உரிமை உண்டு. அந்த இளையவரின் கேள்விக்கு இப்போதைக்கு இதுதான் எங்கள் பதில். அதிகாரத்தில் இருப்பவர் செய்த குற்றத்துக்கு இந்த உரிமையும் பொருந்தாது.

கொலையை நடித்துக் காட்டுவதை விட்டுவிட்டோம். நீதிமன்றம் ஏற்காத எதையும் படமாகக் காட்டுவதில்லை. சொல்லாகச் சொல்கிறோம், ஏற்கவில்லை என்பதையும் சேர்த்து. ‘தப்பித்தார்’ என்ற சொல் எங்கள் வசனத்தில் இனி கிடையாது.

சென்ற மாதம் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். வேறு வழக்கு, 2000களில் நடந்தது. நல்ல கதை, ஆவணம் எல்லாம் கையில். வாசலிலேயே நின்று பேசினோம். மகன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். உள்ளே போய் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தார். “வேணாம்னு சொல்றாங்க சார்” என்றார். சரி என்று சொல்லிவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினோம். கோப்பு அலமாரியில் இருக்கிறது.